கூலிக்கு நிறுப்பவர்



வியாபாரியைப் பற்றி நம் மிம்பர்களில் நிறையப் பேசியாகிவிட்டது. நேர்மையான வியாபாரிக்கு மறுமையில் கிடைக்கும் அந்தஸ்தையும், அளவில் மோசம் செய்பவனுக்குக் காத்திருக்கும் கேட்டையும் ஜும்ஆவுக்கு ஜும்ஆ கேட்டு வருகிறோம். ஆனால் மளிகைக் கடையில் நம் கண்முன் நின்று பருப்பை நிறுத்துத் தருகிறவர் பெரும்பாலும் வியாபாரி அல்லர். அவர் சம்பளத்திற்கு நிற்பவர். கடை அவருடையதல்ல, சரக்கு அவருடையதல்ல, லாபமும் அவருடையதல்ல. தராசு மட்டும் அவர் கையில் இருக்கிறது. அந்தக் கைக்குரியவரைப் பற்றி இம்மாதம் கொஞ்சம் சிந்திப்போம்.

சென்னை வேளச்சேரியை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் அது. 2007ஆம் ஆண்டு பறக்கும் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. விஜயநகர் பஸ் நிலையத்தில் இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு மளிகைக் கடை தென்படும். பெரிய சாலைக்கு வந்தால் குளிர்சாதனம் செய்த பல்பொருள் அங்காடி. முன்பெல்லாம் இக்கடைகளில் நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளே நிற்பார்கள். இப்போது பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த வாலிபர்களும் அவர்களோடு நிற்கிறார்கள். அவர்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் உண்டு. விடியற்காலை பால் வண்டி வரும்போது தொடங்கும் வேலை, இரவு ஷட்டர் இறங்கும்வரை ஓய்வதில்லை. மூட்டை இறக்க வேண்டும், பொட்டலம் போட வேண்டும், மூன்றாம் மாடிக்கு அரிசிப் பையைச் சுமக்க வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும், ஏச்சும் கேட்க வேண்டும்.

இந்த மனிதருக்கு ஹதீஸில் இடமிருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது! ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அவரும் அவருடைய தோழரும் ஹஜர் என்னும் ஊரிலிருந்து துணிமணிகளை மக்காவுக்குக் கொண்டு வந்து விற்றார்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து வந்து, ஒரு கால்சட்டைக்கு விலை பேசி வாங்கினார்கள். அங்கே கூலிக்கு நிறுப்பவர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்து, நிறுங்கள், தட்டைச் சற்றுச் சாய்த்தே நிறுங்கள் என்ற கருத்தில் அண்ணலார் சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நாம் அடிக்கடி ஒரு பக்கமாகவே விளங்கிக்கொள்கிறோம். கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொசுறு தர வேண்டும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறோம். சற்று நிதானித்துப் பாருங்கள். அங்கே தட்டில் இருந்தது எது? துணி அல்லவே! துணியை எவரும் நிறுத்து விற்பதில்லை. நிறுக்கப்பட்டது விலை, அதாவது நாயகம் (ஸல்) அவர்கள் கொடுக்க வேண்டிய பணம். அக்காலத்தில் வெள்ளியை நிறுத்தே கொடுப்பார்கள். ஆகவே, சாய்த்து நிறுக்கச் சொன்னது அவர்கள் தம் கையிலிருந்து போகும் பொருளை. பணம் கொடுப்பவர் தம் பங்கைத் தாராளமாக்கிக் கொடுத்தார் என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிளம்புகின்றன. ஒன்று கடையில் நிற்பவருக்கு, மற்றொன்று அவருக்குச் சம்பளம் கொடுப்பவருக்கு. முதலில் நிற்பவரைப் பார்ப்போம்.

சில கடைகளில் பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘தொழில்’ கற்றுக் கொடுக்கப்படுகிறது. கனமான காகிதப் பையோடு சேர்த்து நிறுப்பது, எண் நிலைக்கும் முன்பே பொருளை எடுத்துவிடுவது, பழைய மிளகாயைப் புதியதோடு கலப்பது, தேதி தாண்டிய பாக்கெட்டை முன்வரிசையில் தள்ளுவது ஆகியவையே அந்தத் தொழில். ஒரு கிலோவுக்கு 10 கிராம் குறைந்தால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 150 கிலோ நிறுத்தால் ஒன்றரைக் கிலோ. வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 450 கிலோ. இத்தனையும் முதலாளியின் கல்லாவுக்குப் போகிறது. நிறுத்தவருக்கு அதில் ஒரு கிராம்கூடக் கிடையாது, பாவத்தில் மட்டும் பங்கு! இதைவிட நஷ்டமான கூட்டு வியாபாரம் உலகில் உண்டா?

‘முதலாளி சொன்னார், செய்தேன், பாவம் அவரைச் சேரும்’ என்று அந்தப் பிள்ளைகள் நம்மிடம் சொல்வதுண்டு. பாவம் அவரையும் சேரும் என்பதுதான் சரி. படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் கிடையாது என்பது மார்க்கத்தின் உறுதியான விதி. உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது செவியுற்றதாகச் சொல்லப்படும் சம்பவத்தை நம் வீட்டுப் பெண்கள்கூட அறிவார்கள். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்னவள் தாய், மறுத்தவள் மகள். அந்த மகளும் ஒரு வகையில் கீழே வேலை பார்ப்பவள்தான். சரக்கு தாயுடையது, உத்தரவும் தாயுடையது. கலீபா பார்க்கவில்லையே என்று தாய் சொன்னபோது, கலீபாவின் ரப்பு பார்க்கிறானே என்று மகள் பதில் சொன்னாளாம். அவள் தாயை ஏசவுமில்லை, வீட்டை விட்டுப் போகவுமில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வேலை போய்விட்டால் ஊரில் இருக்கும் தாய்க்கு யார் பணம் அனுப்புவது? இதை நாம் லேசாகப் பேசவில்லை. வீட்டு வாடகை கொடுத்துப் பழகியவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். எனவே நடைமுறையில் ஆகக்கூடியதைச் சொல்கிறோம். எடையை முழுதாக நிறுத்துப் போடுங்கள். ஏன் என்று கேட்டால், வாடிக்கையாளர் வீட்டில் வேறு தராசில் போட்டுப் பார்க்கிறார்கள், கடையின் பெயர் கெடும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல. முழு எடை போடும் கடையென்று பெயர் வந்துவிட்டால் தெரு முழுவதும் அங்கேதான் வரும் என்பது பழைய வியாபாரிகள் அனுபவத்தில் கண்டது. அதற்கும் இணங்காத முதலாளியாயின், வேறு இடம் தேடிக்கொண்டே, இருக்கும் நாள்வரை கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரியில் அந்த ஒரு கடைதானா இருக்கிறது!

எடையை விடக் கடினமான சோதனை ஒன்று அந்த வட்டாரத்திற்கு வந்தது. 2015 டிசம்பர் மாத மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பள்ளமான பூமியாதலால் வேளச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. வீதியில் படகு விட்டார்கள். தரைத்தளத்துக் கடைகளில் அடுக்கியிருந்த மூட்டைகள் கீழ்வரிசையில் ஊறிப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே கதி. தண்ணீர் வடிந்த பிறகு, ஊறிய மூட்டையை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு கடையிலும் எழுந்திருக்கும். அதை மொட்டை மாடியில் உலர்த்தி நல்ல அரிசியோடு கலக்க வேண்டிய கையும் கூலிக்காரனின் கைதான்.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். அவர் சொன்ன காரணம் உண்மையானது. மழையை அவர் பெய்விக்கவில்லை. நனைந்ததற்காக அவரை ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவும் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்றுதான் கேட்டார்கள். அதன் பிறகே, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். குற்றம் ஈரத்தில் இல்லை, ஈரத்தைக் கீழே மறைத்ததில் இருந்தது.

ஆகவே, சுத்தமான மழைத்தண்ணீர் பட்டு உலர்ந்த அரிசியை, ‘இது நனைந்தது, விலை குறைவு’ என்று சொல்லி விற்பதில் தடையில்லை. ஆனால் வேளச்சேரி வீதிகளில் நின்றது வெறும் மழைத்தண்ணீரா? சாக்கடையும் கலந்த தண்ணீர். அது பட்ட தானியம் நஜீஸானது, உடலுக்கும் கேடு. அதைச் சொல்லி விற்றாலும் உண்பதற்காக விற்கக் கூடாது. உறை கெடாத பாக்கெட்டுகளை மேலே கழுவித் துடைத்து, விஷயத்தைச் சொல்லி விற்கலாம். அந்த நாட்களில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் நகரில் இருந்தார்கள். மக்கள் தவிக்கும்போது பண்டத்தைப் பதுக்குகிறவன் பாவி என்று ஹதீஸிலே வந்திருக்கிறது. முதலாளியின் சொல்படி பெட்டியை உள்ளே மறைத்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்ன நாக்கு வேலைக்காரருடையது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நிற்பவர் முதலாளிக்குச் செய்யும் துரோகமும் ஒன்றிரண்டு உண்டு. முந்திரியில் ஒரு கை, உலர் திராட்சையில் ஒரு கை வாயில் போட்டுக்கொள்வது. ஊர்க்காரர் வந்தால் கிலோவுக்கு 50 கிராம் கூட்டிப் போடுவது. ‘சாய்த்து நிறுக்கச் சொன்னார்களே’ என்று இதற்கு ஹதீஸ் பேசுவோர் உண்டு. மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். அண்ணலார் சாய்த்தது தமது சொந்தப் பணத்தை. பிறர் சரக்கை அவரது அனுமதியில்லாமல் சாய்த்துக் கொடுப்பது தாராளமல்ல, அமானிதத்தில் கை வைப்பது. அதுபோல் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மீதிக்குச் சில்லறை இல்லை என்று மிட்டாயைத் திணிப்பது. வாங்குகிறவர் மனமுவந்து ஏற்றால் சரி, முகம் சுளித்தால் அந்த வியாபாரம் அவர் பொருத்தமில்லாமல் நடந்தது.

தொழுகை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைப் பிள்ளைகளில் பலருக்குத் தொழுகை விடுபடுவது மஃரிபில்தான். ளுஹருக்கு நடுப்பகலில் தொடங்கி மூன்று மணி நேரத்திற்கு மேல் விஸ்தாரமான வக்து இருக்கிறது, கூட்டமும் அந்நேரம் குறைவு. மஃரிபுக்கோ சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் ரயிலை விட்டிறங்கி நேராகக் கடைக்கு வரும் நேரமும் அதுவே. மூன்று ரக்அத்துக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒளுவை முன்னரே செய்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் தோழரிடம் தராசை ஒப்படைத்துவிட்டுப் போய் வரலாம். அவர் மாற்று மதத்துச் சகோதரராயின் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருடைய வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒத்துப்போகிற கடைகளை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். வேலைக்குச் சேரும் அன்றே இதை முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும், ஒளிந்துகொண்டு போகக் கூடாது. மறுபக்கமும் உண்டு. பர்ளையும் அதையொட்டிய சுன்னத்தையும் தொழக் கூலியாளுக்கு உரிமையுண்டு. நபிலுக்கும், தொழுகைக்குப் பின் பள்ளி வாசலில் அரைமணி நேரம் பேசுவதற்கும் முதலாளியின் நேரத்தை எடுக்க உரிமையில்லை.

அஸர் ஜமாஅத்துக்கு வராத ஒருவரைச் சந்தித்த உமர் (ரலி) அவர்கள், அவர் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, நீர் அளவில் குறைத்துவிட்டீர் என்ற பொருளில் ஒரே வார்த்தை சொன்னார்களாம். திருமறையின் 83ஆம் அத்தியாயத்தில் எடை குறைப்பவர்களைக் குறிக்கும் அதே வேர்ச்சொல்லை அவர்கள் ஆண்டார்கள். இதைத் தமது முவத்தாவில் எடுத்தெழுதிய இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், நிறைவாக அளப்பதும் குறைவாக அளப்பதும் எல்லாக் காரியத்திலும் உண்டு என்று சொல்லப்படுவதையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

எல்லாக் காரியத்திலும் என்றால் சம்பளத்திலும்தான். இப்போது முதலாளிமார்களிடம் வருகிறோம். அந்த அத்தியாயம் கண்டிப்பது யாரை? தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை. பதினான்கு மணி நேர உழைப்பை நிறைவாக வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரச் சம்பளம் கொடுப்பவரும் தம்மை இந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்தாம். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராகக் கியாமத்து நாளில் தானே வாதியாக நிற்பதாக அல்லாஹ் தஆலா அறிவித்திருக்கிறான். உங்கள் கைக்குக் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களால் ஆகாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள்.

நாட்டுச் சட்டமும் இதில் ஒன்றும் பேசாமல் இல்லை. 1947ல் இயற்றப்பட்ட கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றும் வரம்பு கட்டியது. அதில் 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்பவர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பதே அது. 2018லேயே கேரளத்தில் இதற்கு வழி செய்தார்கள், ஜவுளிக் கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. காலையிலிருந்து இரவுவரை நின்றே இருப்பவர்களுக்குக் காலில் நரம்பு புடைத்து நீலமாகச் சுருண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு முக்காலி என்ன விலை? அதை வாங்கிப் போடச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்ததே என்பதுதான் நமக்கு வெட்கம்.

ஒரு விஷயம் நமக்கு மிகவும் பிடித்தது. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கொரு முறை சோதித்து முத்திரை வைப்பதும், கடை ஊழியர்களின் வேலை நேரத்தையும் இருக்கையையும் பார்ப்பதும் நம் மாநிலத்தில் ஒரே துறையின் பொறுப்பு. தொழிலாளர் துறைதான் இரண்டையும் கவனிக்கிறது. தராசு வேறு, நிறுப்பவர் வேறு என்று பிரிக்காமல் வைத்தது யாருடைய யோசனையோ!

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் ஒரு சொல். நம் தகப்பன் வயதுள்ளவரை ‘ஏய்’ என்று கூப்பிடுவதும், வயதுக்கு வந்த பிள்ளையை ‘டேய்’ என்பதும் நம் நாவுக்கு அழகல்ல. ‘அண்ணே’ என்றும் ‘தம்பி’ என்றும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், அன்ஸாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்குப் பரக்கத்து உண்டாக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள். அன்று அவர்கள் கையில் புரண்ட சரக்கு நெய்யும் உலர்ந்த தயிர்க்கட்டியும். இரண்டும் மளிகைச் சாமான்! ஸஹாபாக்களில் பெருஞ்செல்வராக விளங்கியவரின் ஆரம்பம் அது. பொட்டலம் மடிக்கிற இந்தப் பையன் நாளை எங்கே நிற்பான் என்று நமக்கென்ன தெரியும்?

முதலாளிமார்களுக்கு இன்னுமொன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டோம். மளிகைக் கடையில் நிற்பவர்கள் மட்டும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு அச்சத்திலும் நோயிலும் பலர் கிடைத்த வண்டியில் ஊர் போனார்கள். வெள்ளத்தின்போது போனவர்களும் உண்டு. அவர்களில் பாதி மாதக் கூலியை வாங்காமல் போனவர்கள் எத்தனை பேரோ!

குகையில் அடைபட்ட மூவரின் செய்தியை புகாரி ஷரீபில் நாம் ஓதியிருக்கிறோம். அவர்களில் ஒருவர், கூலியாக ஒரு மரக்கால் தானியத்தை வாங்காமல் போய்விட்ட ஆளின் பங்கைத் தனியாக விதைத்தார். விளைந்ததை மறுபடி விதைத்தார். மாடுகளும் மேய்ப்பவனும் அதிலிருந்தே சேர்ந்தன. பல காலம் கழித்து அந்த ஆள் வந்து தன் கூலியைக் கேட்டபோது, அதோ அவையெல்லாம் உன்னுடையவை என்று காட்டினார். கேலி செய்யாதீர் என்றார் வந்தவர். கேலியல்ல என்றதும் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனார். இந்த அமலை முன்வைத்து அவர் துஆச் செய்தபோது குகையின் பாறை விலகியது.

அந்த அளவுக்குச் செய்ய நம்மால் ஆகாது. பழைய சம்பள நோட்டில் அந்தப் பெயர்கள் இருக்கும், கைப்பேசியில் எண்ணும் இருக்கும். பணம் அனுப்ப இன்று ஒரு நிமிஷம் போதும். ஆள் மவுத்தாகியிருந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குரியது, விசாரித்துச் சேர்க்க வேண்டும். எவ்வளவு தேடியும் எவரும் அகப்படாவிட்டால், அவருக்கு நன்மை சேரும் நிய்யத்துடன் அத்தொகையைத் தர்மம் செய்துவிடலாம். பின்னர் ஒரு நாள் அவர் கடை வாசலில் வந்து நின்று கேட்டால், தர்மம் செய்தாயிற்று என்று சொல்லி அனுப்ப முடியாது. அதை அவர் பொருந்திக்கொண்டாலன்றி, எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும்.